மறுக்கும் அதிகாரம் யாருடையது? கனடா செனட்டை முன்வைத்துச் சில கேள்விகள்

1

பிரதிநிதித்துவம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் அசட்டையாகவே கையாண்டு வருகிறோம். தேர்தல் நடந்தால் பிரதிநிதித்துவம் வந்துவிடும், நியமனம் என்றால் அது போய்விடும் என்பது நம்மிடையே கேள்வி கேட்கப்படாத நம்பிக்கையாகிவிட்டது. ஜனநாயகம் பற்றி எழுதுகிற நண்பர்கள்கூட இதைத் தாண்டிப் போவதில்லை. இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது: கனடாவின் மேல்சபையான செனட்.

முதலில் அதன் அமைப்பு. மொத்தம் 105 இருக்கைகள். பிரதமர் பெயரைச் சொல்வார், கவர்னர் ஜெனரல் நியமிப்பார். நியமிக்கப்பட்டவர் 75 வயது வரை இருக்கலாம். 1965 வரை இந்த வயது வரம்புகூடக் கிடையாது, ஆயுள் முழுக்கப் பதவிதான். அதிகாரம் என்று பார்த்தால் கீழ்ச்சபைக்கு உள்ளதில் ஏறக்குறைய எல்லாமே இதற்கும் உண்டு. வரி, செலவு மசோதாக்களை இங்கே தொடங்க முடியாது. மற்றபடி எந்த மசோதாவும் இந்தச் சபையிலும் நிறைவேறினால்தான் சட்டமாகும். இங்கே தோற்றால் தோற்றதுதான். கீழ்ச்சபை மறுபடியும் நிறைவேற்றி மேல்சபையைத் தாண்டிப் போக வழியில்லை. பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1911இலேயே பெருமளவு இழந்துவிட்ட ரத்து அதிகாரத்தைக் கனடாவின் செனட் சட்டத்தில் இன்னும் அப்படியே வைத்திருக்கிறது.

'இதைச் சீர்திருத்தணும்' என்ற பேச்சு நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. நடந்த சீர்திருத்தமோ ரொம்பக் கொஞ்சம். அரசியல்வாதிகளுக்கு மனசில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்குப் படுவது வேறு. சீர்திருத்தம் பேசியவர்களில் பெரும்பாலோர் 'செனட்டரைத் தேர்ந்தெடுப்பது யார்' என்ற கேள்வியிலிருந்தே தொடங்கினார்கள். அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சபை 'முடியாது' என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் எதுவரை, யார் சார்பில்? இதைத் தீர்க்காமல் தேர்ந்தெடுக்கும் முறையை மாத்திரம் மாற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

2

நியமன மேல்சபை என்றதும் அது பழைய மன்னராட்சியின் மிச்சம், காலம் போனபோது தானாக உதிரவேண்டியது என்று நினைக்கத் தோன்றும். கனடாவின் கதை அப்படியில்லை. இன்றைய ஒண்டாரியோவும் கியூபெக்கும் ஒரே காலனியாக இருந்த காலத்தில், 1856இல், அதன் மேல்சபைக்குத் தேர்தல் முறை கொண்டுவரப்பட்டது. 48 தொகுதிகள், மேல் கனடாவுக்கு 24, கீழ் கனடாவுக்கு 24. அதாவது கனடா நாடு உருவாவதற்கு முன்பே அங்கே தேர்தல் மேல்சபை இருந்தது. 1864இல் கியூபெக் நகரில் கூடிக் கூட்டாட்சிக்குத் திட்டம் போட்டவர்கள் அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு நியமனத்துக்குத் திரும்பினார்கள். செனட் காலத்தின் மிச்சமல்ல, தெரிந்தே எடுத்த முடிவு.

ஏன் திரும்பினார்கள்? ஜார்ஜ் பிரவுன் போன்றவர்களின் வாதம் இது: இரண்டு சபைகளும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டால் இரண்டுமே 'நாங்கள்தான் மக்கள்' என்று உரிமை கொண்டாடும். மேல்சபை நாளைக்குப் பண விஷயத்திலும் சமபங்கு கேட்கும். அரசாங்கம் ஒரு சபைக்குத்தான் பதில் சொல்ல முடியும், இரண்டுக்குச் சொல்ல முடியாது. ஆகவே மேல்சபைக்கு அதிகாரத்தைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் தைரியத்தைக் கொடுக்காமல் விட்டார்கள். தேர்ந்தெடுக்கப்படாதவனுக்கு வாய் கொஞ்சம் அடங்கியே இருக்கும் என்பது கணக்கு.

இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் பிடிபடும். செனட்டின் அங்கீகாரக் குறைவு அதன் கோளாறு என்று இன்று சொல்கிறார்கள். அமைத்தவர்களுக்கு அதுதான் கடிவாளம். தேர்தல் வைத்தால் அந்தக் கடிவாளம் கழன்றுவிடும். மிச்சமிருப்பது காகிதத்தில் எழுதிய முழு அதிகாரம்.

இன்னொரு காரணமும் இருந்தது, இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. கியூபெக் மாநாட்டில் 14 நாட்களில் 6 நாட்கள் செனட்டைப் பற்றித்தான் பேச்சு. சிறுபான்மையினரைப் பாதுகாக்க வேண்டும், பணக்காரர்கள் எப்போதும் ஏழைகளைவிட எண்ணிக்கையில் குறைவுதானே என்ற பொருளில் அங்கே பேசினார் ஜான் ஏ. மக்டொனால்ட். பின்னால் நாட்டின் முதல் பிரதமரான அதே மக்டொனால்ட்தான். 'நிதானமான மறுசிந்தனை' என்று அவர் பெயரோடு சேர்த்து இன்றுவரை சொல்லப்படும் அழகான சொற்றொடருக்குப் பின்னால் இந்தச் 'சிறுபான்மை'தான் உட்கார்ந்திருக்கிறது. நிதானம் என்பதற்கு ஒரு வர்க்கம் உண்டு.

3

அந்த வர்க்கத்தை 1867ஆம் வருஷ அரசியல் சட்டம் எண்ணால் வரையறுத்தது. செனட்டர் 30 வயது ஆனவராக இருக்கவேண்டும். தன் மாகாணத்தில் 4000 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும். கடன் போக மொத்தச் சொத்து 4000 டாலர் வேண்டும். அன்றைக்கு அது பெரிய தொகை. 2014இல் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதும் தொகை அதே நாலாயிரம்தான். பணவீக்கம் அதைக் கேலிப்பொருளாக்கிவிட்டது, ஆனாலும் சட்டம் சட்டம்தானே. 1997இல் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த கன்னியாஸ்திரி பெக்கி பட்ஸ் நியமிக்கப்பட்டார். வறுமை விரதம் பூண்டவர், பெயரில் காணி நிலம் கிடையாது. அவருடைய சபை ஒரு துண்டு நிலத்தை அவர் பெயருக்கு மாற்றிக்கொடுத்த பிறகுதான் அவர் செனட்டராக முடிந்தது. ஏழைகளுக்காகப் பேச வந்தவரும் காகிதத்தில் நிலவுடைமையாளராகிவிட்டுத்தான் வாசல்படி ஏறவேண்டியிருந்தது.

தகுதியுள்ள 'நபர்'களை நியமிக்கலாம் என்றது சட்டம். பெண் நபரா? 1928இல் கனடா உச்ச நீதிமன்றம் 'இல்லை' என்றது. செனட் நியமனம் என்ற இந்த இடத்தில் 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்பது தீர்ப்பு. ஆல்பெர்ட்டாவைச் சேர்ந்த ஐந்து பெண்கள் (எமிலி மர்ஃபி, நெல்லி மக்லங், ஹென்ரியட்டா மியூர் எட்வர்ட்ஸ், லூயிஸ் மக்கின்னி, ஐரீன் பார்ல்பி) லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில்வரை போய் 1929இல் அதைத் தலைகீழாக்கினார்கள். 1930இல் கெய்ரீன் வில்சன் முதல் பெண் செனட்டரானார். வழக்கைத் தொடுத்த ஐவரில் யாரும் நியமிக்கப்படவில்லை. இந்த வெற்றியைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. மர்ஃபியும் மக்லங்கும் 'தகுதியற்றவர்'களுக்குக் கருத்தடை செய்யவேண்டும் என்ற கொள்கையை ஆதரித்தவர்கள். ஆல்பெர்ட்டாவில் அதற்கான சட்டம் வந்தது 1928இல், பெண் 'நபர்' இல்லை என்று தீர்ப்பு வந்த அதே வருஷம். 'நபர்' என்ற வட்டத்துக்குள் போகப் போராடியவர்களே வெளியில் இன்னொரு வட்டம் வரைந்தார்கள்.

பூர்வகுடிகள் விஷயம் இன்னும் விநோதம். 1958இல் கைனாய் மக்களைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளாட்ஸ்டன் செனட்டராக நியமிக்கப்பட்டார். சட்டத்தின் பாஷையில் 'இந்தியர்' என்று பதிவு செய்யப்பட்ட பூர்வகுடியினர் அந்தப் பதிவைக் கைவிடாமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க, சில விதிவிலக்குகள் போக, 1960வரை உரிமை கிடையாது. சட்டம் இயற்றும் சபையில் இருக்கை உண்டு, ஓட்டு இல்லை! தேர்தல்தான் பிரதிநிதித்துவம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வருஷத்தை எப்படி விளக்குவார்கள்? நியமனம்தான் நல்லது என்கிறவர்களுக்கும் இது ஆறுதல் தராது. ஓர் ஆளை உள்ளே உட்காரவைத்துவிட்டு அவர் மக்களை வெளியே நிறுத்துவது நியமனத்தால் முடிகிற காரியம் என்பதையும்தானே இது காட்டுகிறது.

4

கூட்டாட்சியில் மேல்சபைக்கு ஒரு நியாயம் சொல்வார்கள். கீழ்ச்சபை தலைகளை எண்ணும், மேல்சபை இடங்களை எண்ணும். எண்ணிக்கையில் சிறிய பிரதேசம் பெரிய பிரதேசத்தால் நசுக்கப்படாமல் இருக்க அது வேணும் என்பார்கள். கியூபெக் கூட்டாட்சிக்குச் சம்மதித்ததே, கீழ்ச்சபையில் மக்கள்தொகைப்படி இடம் என்றால் மேல்சபையில் சமபங்கு வேணும் என்ற நிபந்தனையின்பேரில்தான். 1867இல் ஒண்டாரியோவுக்கு 24, கியூபெக்குக்கு 24, கடலோர மாகாணங்கள் இரண்டுக்கும் சேர்த்து 24 என்று பிரித்தார்கள். சமம் என்பது மாகாணங்களுக்கு இடையில் இல்லை, பிரதேசங்களுக்கு இடையில்.

மேற்கே மாகாணங்கள் வளர்ந்தபோது இந்தக் கணக்கு கோணலாயிற்று. 1915இல் மேற்கின் நான்கு மாகாணங்களும் சேர்ந்து ஒரு பிரதேசமாகி, ஆளுக்கு 6 பெற்றன. 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி பிரிட்டிஷ் கொலம்பியாவில் 50 லட்சம் பேர், 6 செனட்டர்கள். ஆல்பெர்ட்டாவில் 42 லட்சத்துக்கு மேல், 6 செனட்டர்கள். நியூ பிரன்ஸ்விக்கில் எட்டு லட்சம்கூட இல்லை, 10 செனட்டர்கள். இதைப் பார்த்து மேற்குக்காரர்களுக்குக் கோபம் வராமலா இருக்கும்?

1980இல் அந்தக் கோபம் பற்றிக்கொண்டது. பியர் ட்ரூடோவின் லிபரல் கட்சி அந்த வருஷத் தேர்தலில் ஜெயித்தது, ஆனால் மனிடோபாவுக்கு மேற்கே ஓர் இடம்கூட இல்லை. மேற்கிலிருந்து அமைச்சர் வேணுமே என்று செனட்டர்களை அமைச்சரவைக்குள் எடுத்தார் ட்ரூடோ. அதே அரசாங்கம் கொண்டுவந்த தேசிய எரிசக்தித் திட்டம் ஆல்பெர்ட்டாவின் எண்ணெய் வருமானத்தில் கைவைத்தது. 'எங்கள் பெயரில் உட்கார்ந்திருக்கிற நியமன ஆட்கள் எங்களுக்காக ஒரு விரலைக்கூட அசைக்கவில்லையே' என்ற கேள்வியிலிருந்து 'மூன்று ஈ' என்ற கோரிக்கை பிறந்தது. மாகாணங்களுக்குச் சம இடம், தேர்தல், வலுவான அதிகாரம் ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ஈ'தான் முதலெழுத்து. பெர்ட் பிரவுன் என்ற விவசாயி 1984இல் பார்லி வயலில் டிராக்டரால் உழுதே இந்தக் கோரிக்கையை எழுதினார். 1989இல் ஆல்பெர்ட்டா தன் பங்குக்கு ஒரு தேர்தலை நடத்தி ஸ்டான் வாட்டர்ஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பிரதமர் மல்ரோனி 1990இல் அவரை நியமித்தார். உழுத பிரவுனும் 2007இல் செனட்டரானார்.

கோபம் நியாயமானது, கோரிக்கையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். மாகாணத்துக்கு மாகாணம் சமம் என்றால், 2021 கணக்குப்படி ஒன்றரை லட்சம் பேர் வாழும் பிரின்ஸ் எட்வர்ட் தீவும் ஒரு கோடியே 42 லட்சம் பேர் வாழும் ஒண்டாரியோவும் சமம். அதோடு கியூபெக் பத்தில் ஒன்றாகிவிடும். பிரெஞ்சு பேசும் ஒரு தேசம் தன்னை மற்ற ஒன்பதோடு சேர்த்து எண்ணப்படும் ஒரு மாகாணமாக ஒப்புக்கொள்ளுமா? ஒரு சிறுபான்மையின் பாதுகாப்பு இன்னொரு சிறுபான்மையின் நஷ்டமாகிறது. 'இடம்' என்பதும் இயற்கையாகக் கிடந்த ஒன்றில்லை, யாரோ வரைந்ததுதான்.

எப்படி வரைந்தார்கள் என்பதற்குக் கியூபெக்கே சாட்சி. அதன் 24 செனட் பிரிவுகள் பழைய கீழ் கனடாவின் 24 தொகுதிகள். அங்கிருந்த ஆங்கிலேயச் சிறுபான்மையைப் பாதுகாக்கத்தான் பிரிவு பிரிவாகக் கட்டிப்போட்டார்கள். 1898இலும் 1912இலும் வடக்கே பெருநிலப்பரப்புகள் கியூபெக்கோடு சேர்க்கப்பட்டன. கிரீ மக்களும் இனுயிட் மக்களும் வாழும் அந்த நிலம் எந்த செனட் பிரிவிலும் சேர்க்கப்படவில்லை. வடகோடியிலுள்ள கூஜுவாக்கைச் சேர்ந்த இனுயிட் தலைவர் சார்லி வாட் 1984 முதல் 2018 வரை செனட்டராக இருந்தார், தெற்கே இருக்கும் இன்கர்மன் என்ற பிரிவின் பெயரில். இடத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் சபையின் வரைபடத்தில் அவருடைய இடமே இல்லை.

5

சரி, மாற்றிவிட வேண்டியதுதானே என்றால் அதற்குப் பூட்டு போட்டிருக்கிறது. 1982 அரசியல் சட்டப்படி செனட்டின் அதிகாரங்களையோ செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையோ மாற்ற, நாடாளுமன்றத்தோடு 10 மாகாணங்களில் 7 சம்மதிக்க வேண்டும். அந்த ஏழில் நாட்டின் மக்கள்தொகையில் பாதியாவது இருக்கவேண்டும். 1992இல் ஷார்லட்டவுன் ஒப்பந்தம் என்ற பெயரில் மத்திய அரசும் எல்லா மாகாண முதல்வர்களும் ஒரு திட்டத்துக்கு உடன்பட்டார்கள். மாகாணத்துக்கு 6, வடக்குப் பிரதேசங்களுக்கு ஒவ்வொன்று என 62 தேர்தல் செனட்டர்கள், அதற்கு மேல் பூர்வகுடிகளுக்குத் தனி இடங்கள். அதோடு செனட்டின் அதிகாரத்தையும் பல விஷயங்களில் குறைத்தது அந்தத் திட்டம். அதிகாரம், இடம், தேர்தல் மூன்றையும் சேர்த்துத் தொட்ட பெரிய முயற்சி அது. ஆனால் கியூபெக்கின் அந்தஸ்து, பூர்வகுடித் தன்னாட்சி, இன்னும் பலதையும் ஒரே மூட்டையாகக் கட்டி 26 அக்டோபர் 1992இல் மக்கள் முன் வைத்தார்கள். 54 சதவீதத்துக்கு மேல் 'இல்லை' என்று விழுந்தது. சம இடம் கேட்ட ஆல்பெர்ட்டாவும் இல்லை என்றது, தனித்துவம் கேட்ட கியூபெக்கும் இல்லை என்றது.

அதற்கப்புறம் வந்த ஸ்டீபன் ஹார்ப்பர் பூட்டைத் திறக்காமல் ஜன்னல் வழியாக நுழையப் பார்த்தார். மாகாணங்களில் 'ஆலோசனைத் தேர்தல்' நடக்கட்டும், பிரதமர் அதைப் பார்த்துவிட்டு நியமிப்பார், எழுத்தில் சட்டம் மாறாது என்பது அவர் யோசனை. ஏப்ரல் 2014இல் உச்ச நீதிமன்றம் இதை நிராகரித்தது. தேர்தலில் வென்று வரும் சபை மறுசிந்தனைக்கான துணைச்சபையாக இருக்காது, அதன் அடிப்படைச் சுபாவமே மாறிவிடும், ஆகவே 7 மாகாணங்களின் சம்மதம் வேணும் என்பது தீர்ப்பின் சாரம். 1864இல் பேசப்பட்ட அதே தர்க்கம் 150 வருஷம் கழித்து நீதிமன்றத்தின் வாயால் வந்தது. ஒழிப்பதற்கோ பத்து மாகாணங்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 4000 டாலர் சொத்து நிபந்தனையை நாடாளுமன்றமே நீக்கலாம், நில நிபந்தனையை முழுதாக நீக்கக் கியூபெக்கின் சம்மதம் வேணும், அந்த 24 பிரிவுகள் அதில் மாட்டிக்கொண்டிருப்பதால். கியூபெக் தன் மாகாண மேல்சபையை 1968இல் ஒழித்துவிட்டது. மாகாண மேல்சபைகளில் கடைசியாகப் போனது அது. நாட்டின் மேல்சபையை ஒழிக்க மட்டும் யாருக்கும் தனியாக முடியாது.

சிறிய மாகாணங்கள் ஏன் சம்மதிக்காது என்பதற்கு ஒரு கணக்கு. எந்த மாகாணத்துக்கும் அதன் செனட்டர்களைவிடக் குறைவான கீழ்ச்சபை உறுப்பினர்கள் இருக்கக்கூடாது என்று 1915இலிருந்து ஒரு விதி. பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு 4 செனட்டர்கள், ஆகவே ஒன்றரை லட்சம் பேருக்குக் கீழ்ச்சபையிலும் 4 இடம். மேல்சபையின் இடக்கணக்கு கீழ்ச்சபையின் தலைக்கணக்குக்குள் கசிந்துவிட்டது. யார் இதை விட்டுக்கொடுப்பார்கள்?

6

இந்தப் பூட்டுக்கு நடுவில் ஜஸ்டின் ட்ரூடோ செய்தது சாமர்த்தியமான காரியம். ஜனவரி 2014இல், எதிர்க்கட்சியில் இருந்தபோதே, லிபரல் செனட்டர்கள் 32 பேரையும் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து வெளியேற்றினார். பிரதமரான பிறகு 2016இல் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். யார் வேண்டுமானாலும் செனட்டர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். குழு பெயர்களைப் பரிந்துரைக்கும், பிரதமர் அதிலிருந்து எடுப்பார். அரசியல் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இப்போது செனட்டில் மிகப் பெரும்பாலோர் கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு உட்படாதவர்கள். பெண்கள் பாதி அளவை எட்டினார்கள். உறைவிடப் பள்ளிகளின் கொடுமையை விசாரித்த ஆணையத்தின் தலைவர் மர்ரே சின்க்ளேர் போன்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

நல்ல மாற்றம்தான். ஆனால் இதன் தத்துவம் என்ன? பழைய செனட் கட்சிக்கு உழைத்தவனுக்குப் பரிசு. புதிய செனட் 'தகுதி' உள்ளவருக்கு அழைப்பு. தகுதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் காது கூர்மையாகிவிடும், காரணம் சொல்லத் தேவையில்லை. நீதிபதி, பேராசிரியர், மருத்துவர், நிர்வாகி என்று விண்ணப்பத்தில் எழுதிக்காட்ட முடிந்த வாழ்க்கைக்கே அது கதவைத் திறக்கிறது. 1867இல் நிலம் செய்த வேலையை இப்போது தற்குறிப்புத் தாள் செய்கிறது. நாலாயிரம் டாலர் நிலத்தையாவது பெயர் மாற்றிக்கொடுக்க முடிந்தது!

அதோடு இந்தக் குழு அரசாங்கம் அமைத்தது, சட்டம் அமைத்ததில்லை. இன்னொரு பிரதமர் வேண்டாமென்றால் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்சிப் பிடியிலிருந்து விடுபட்டவர்கள் யாருக்குப் பதில் சொல்வார்கள்? கட்சிக்கும் இல்லை, வாக்காளருக்கும் இல்லை. மனசாட்சிக்கு என்பார்கள். மனசாட்சி உயர்ந்த விஷயம்தான், ஆனால் அதைப் பதவியிலிருந்து இறக்க யாராலும் முடியாது.

7

இப்போது செயல்பாட்டாளர்களான நமக்குக் கஷ்டமான இடத்துக்கு வருவோம். இந்தச் சபை என்ன செய்திருக்கிறது?

1988இல் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. மல்ரோனி அரசு புதிய கட்டுப்பாட்டு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. கீழ்ச்சபையில் 140க்கு 131 என்று நிறைவேறியது. ஜனவரி 1991இல் செனட்டில் 43க்கு 43. வாக்குகள் சமமானால் மசோதா தோற்றதாகப் பொருள். ஆளுங்கட்சிச் செனட்டரான பாட் கார்னியும் எதிர்த்து வாக்களித்தார். கருக்கலைப்பை இன்றும் கனடாவின் குற்றவியல் சட்டம் தொடுவதில்லை. பெண்ணிய இயக்கத்தின் ஒரு பெரிய வெற்றி, தேர்ந்தெடுக்கப்படாத ஒரு சபையின் கையிலிருந்து வந்தது.

இன்னொன்று. பூர்வகுடிப் பெண் வெளியாரை மணந்தால் 'இந்தியர்' என்ற அந்தஸ்தை இழப்பாள், ஆண் இழக்கமாட்டான் என்று சட்டம் இருந்தது. இதை எதிர்த்து சாண்ட்ரா லவ்லேஸ் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். 1981இல் கனடாவுக்கு எதிராக முடிவு வந்தது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டது, ஆனால் பாகுபாடு முழுதாகத் தீரவில்லை, சந்ததிகளில் தொடர்ந்தது. அதே லவ்லேஸ் 2005இல் செனட்டரானார். 2017இல் அரசின் இன்னொரு அரைகுறைத் திருத்தம் விவாதத்தில் இருந்தபோது அவரும் லிலியன் டிக் போன்றவர்களும், பாகுபாட்டை வேரோடு நீக்கினால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்தார்கள். செனட் திருத்தி அனுப்பியது, கீழ்ச்சபை அதை உருவியது, செனட் மறுபடி மல்லுக்கு நின்றது. கடைசியில் அரசு இறங்கிவந்தது. அந்த ஏற்பாடு 2019இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது.

இதோ மூன்றாவது. கிரீ மக்களைச் சேர்ந்த ரோமியோ சகனாஷ் கியூபெக்கின் வடக்கிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கீழ்ச்சபை உறுப்பினர். பூர்வகுடி உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு ஏற்பக் கனடாவின் சட்டங்களை அமைக்கவேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். மே 2018இல் கீழ்ச்சபையில் நிறைவேறியது. செனட்டில் கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் இழுத்தடித்தார்கள். ஜூன் 2019இல் அவை கலையும்போது வாக்கெடுப்பே இல்லாமல் மசோதா செத்தது. எந்தச் சபையின் வரைபடத்தில் வடக்கு நிலம் இல்லையோ அந்தச் சபையில். பிறகு அரசே கொண்டுவந்த மசோதா 2021இல்தான் சட்டமானது.

முதல் இரண்டையும் பார்த்து 'பரவாயில்லையே செனட்' என்று சொல்லிவிட்டு, மூன்றாவதைப் பார்த்ததும் 'இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்' என்று கேட்டால் அது கொள்கையாகாது, சௌகரியம். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு நிலை நமக்கு வேணும்.

என் நிலை இது. மக்களுக்குப் பதில் சொல்லாத சபைக்குத் தாமதிக்கும் அதிகாரம் இருக்கலாம், கொல்லும் அதிகாரம் இருக்கக்கூடாது. திருத்தி அனுப்பட்டும், காரணத்தை ஊரறியச் சொல்லட்டும், குறிப்பிட்ட காலம் நிறுத்திவைக்கட்டும். அதற்குப் பிறகு கீழ்ச்சபை மறுபடி நிறைவேற்றினால் முடிந்தது. அதேபோல் எந்த மசோதாவையும் வாக்கெடுப்பு இல்லாமல் சாகவிடவும் கூடாது. இது நான் கற்பனையில் செய்ததில்லை. 1982 அரசியல் சட்டத்திலேயே, மாகாணச் சம்மதம் தேவைப்படும் அரசியல் சட்டத் திருத்தங்களில் செனட்டுக்கு 180 நாள் தாமதிக்கும் அதிகாரம்தான் உண்டு, கீழ்ச்சபை மறுபடி நிறைவேற்றினால் செனட்டின் சம்மதம் தேவையில்லை. அடிப்படைச் சட்டத்தை மாற்றுவதற்கே 180 நாள் போதுமென்றால் சாதாரண மசோதாவுக்கு முழு ரத்து அதிகாரம் எதற்கு?

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. இந்த விதி 1991இல் இருந்திருந்தால் கருக்கலைப்பு மசோதா 43க்கு 43 என்பதோடு முடிந்திருக்காது. கீழ்ச்சபைக்குத் திரும்பியிருக்கும். அங்கே வெறும் 9 ஓட்டு வித்தியாசம். சண்டை அந்த 9 ஓட்டைச் சுற்றி, தெருவிலும் தொகுதியிலும் மறுபடி நடந்திருக்கும். ஜெயித்திருப்போமா தோற்றிருப்போமா என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. 2017இல் நடந்ததற்கோ தாமதமே போதுமானதாக இருந்தது. 2018 மசோதா கட்டாய வாக்கெடுப்பு விதி இருந்தால் பிழைத்திருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், நம் வெற்றிகளை ஒருநாள் கைதவறிக் கிடைத்த சமவாக்கில் கட்டிவைப்பதைவிட இந்த விலை மேல் என்று நினைக்கிறேன்.

8

இதற்கும் 7 மாகாணங்களின் சம்மதம் வேணுமே என்று கேட்கலாம். வேணும்தான். ஆனால் ஒரு வித்தியாசம். இடங்களைப் பங்கிட உட்கார்ந்தால் ஒரு மாகாணம் பெறுவது இன்னொன்று இழப்பது. அதிகாரத்தைக் குறைப்பதில் எந்த மாகாணமும் இன்னொன்றிடம் ஓர் இருக்கையையும் இழப்பதில்லை. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் நாலும் அப்படியே இருக்கும், கியூபெக்கின் 24ம் இருக்கும். ஷார்லட்டவுனில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதற்குப் பதில் இந்த ஒன்றை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை செனட்டர்களே அரசு மசோதாக்களில் பெரும்பாலும் கடைப்பிடித்துவரும் வழக்கத்தை, அதாவது திருத்தி அனுப்புவதும் கீழ்ச்சபை மறுத்தால் விட்டுக்கொடுப்பதுமான வழக்கத்தை, தனிநபர் மசோதாக்களுக்கும் வாக்கெடுப்பு உறுதி என்று விரித்துத் தங்கள் அவை விதிகளிலேயே எழுதிக்கொள்ளலாம். அதற்கு எந்த மாகாணத்தையும் கேட்கவேண்டியதில்லை.

அதிகாரம் குறைந்த பிறகு தேர்தல் பற்றிப் பேசுவதும் சுலபமாகும். கொல்ல முடியாத சபைக்குத் தேர்தல் வைத்தால் இரண்டு சபைகள் முட்டிக்கொண்டு அரசாங்கம் ஸ்தம்பிக்கும் என்ற பயம் குறையும். 1990இல் விற்பனை வரி மசோதாவுக்காக நடந்த கூத்து மறுபடி நடக்காது. அன்றைக்கு லிபரல் செனட்டர்கள் அவையில் ஊதுகுழல் ஊதி அமளி செய்தார்கள். மல்ரோனி அரசியல் சட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிரிவை எழுப்பி, அரசியின் சம்மதத்தோடு 8 செனட்டர்களைக் கூடுதலாக நியமித்து மசோதாவைத் தள்ளிக்கொண்டு போனார். நியமனச் சபை முட்டினால் மேலும் நியமனம் என்ற அந்த மருந்து தேர்தல் சபையில் செல்லாது.

மிச்சமிருப்பது பெரிய கேள்வி, பூர்வகுடிகள். 1992இல் தனி இடங்கள் தருவதாகச் சொன்னார்கள், அந்தத் திட்டத்துக்கு ரிசர்வ் நிலங்களில் வாழும் பூர்வகுடி வாக்காளர்களிலும் பெரும்பான்மையோர் 'இல்லை' என்றே வாக்களித்தார்கள். நாங்கள் கனடாவோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தேசங்கள், கனடாவின் ஒரு பிரிவு இல்லை என்று கருதுகிறவர்களுக்கு மேல்சபையில் இரண்டு மூன்று இருக்கை பதிலாகுமா? தங்கள் நிலத்தைப் பாதிக்கும் சட்டத்துக்கு மட்டும் 'முடியாது' என்று சொல்லும் உரிமை அவர்கள் கேட்பதாக இருந்தால், அதை செனட்டுக்குள் தேடுவதா, வெளியே ஒப்பந்தங்களில் தேடுவதா? இதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்கள். ஒன்றை மட்டும் கவனிக்கலாம். ஒரு பிரதேசத்துக்கோ ஒரு வர்க்கத்துக்கோ மறுக்கும் அதிகாரம் வேணும் என்றபோது 1864இல் ஆறு நாள் உட்கார்ந்து பேச முடிந்தது. அந்த மேஜையில் பூர்வகுடிகள் ஒருவர்கூட இல்லை. செனட்டை எப்படிச் சீர்திருத்துவது என்று அடுத்த முறை யார் உட்கார்ந்து பேசினாலும், யாருக்கு எத்தனை இருக்கை என்று தொடங்குமுன் அந்த மேஜையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதிலிருந்து தொடங்கவேண்டும்.